விதை எண் யாரிடம்?

கடவுச்சொல்லுக்கு மேல் போடும் இரண்டாம் பூட்டுக்கு எந்தச் செயலியைப் போடலாம் என்று யாரைக் கேட்டாலும், "கூகுள் ஆத்தென்டிகேட்டர் போடுங்க, கோடு வந்துடும்" என்கிறார்கள். எங்கிருந்து வரும் என்றால், "கூகுள்தான் அனுப்புது மாமா" என்கிறான் அக்கா மகன். அந்தப் பதில் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. கூகுள்தான் அனுப்புகிறது என்றால், எந்தத் தளத்துக்குள் எத்தனை மணிக்கு நுழைகிறேன் என்பதும் அதற்குத் தெரிந்தாக வேண்டும். அப்புறம் அந்தரங்கத்தை மதிக்கும் செயலி என்று ஒன்றைத் தேடுவதில் என்ன பொருள்?

சிம்மைக் கழற்றி, வைஃபையை அணைத்துப் பார்த்தேன். அரை நிமிடத்துக்கு ஒருமுறை எண் மாறிக்கொண்டேதான் இருந்தது. அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது சித்தப்பாவின் சாவிக்கொத்து நினைவுக்கு வந்தது.

சித்தப்பா ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சாவிக்கொத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு தொங்கும். சின்னத் திரையில் ஆறு இலக்கம். இடது ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சில கோடுகள். அவை ஒவ்வொன்றாகக் குறைந்து தீர்ந்ததும் எண் மாறும். யாரையும் தொட விடமாட்டார். ஆர்.எஸ்.ஏ. செக்யூர்ஐடி என்ற டோக்கன் அது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது.

கும்பகோணம் போய் அவரிடம் கேட்டேன். பீரோவிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தார். திரை வெறுமையாக இருந்தது. பின்புறம் ஒரு வரிசை எண்ணும், காலாவதித் தேதியும். வேறொன்றும் இல்லை. திருகாணி இல்லை, ஒயர் சொருகும் துளை இல்லை. திறந்து பார்க்கலாமா என்றேன்.

"திறந்து என்ன பண்ணப் போறே? உள்ளே கடிகாரம், பேட்டரி, ஒரு சில்லு. வெளியிலேர்ந்து அதுக்கு எதுவும் வராதுடா."

"அப்ப எண் எப்படி சித்தப்பா மாறுது?"

"சீடு உள்ளேயே இருக்கு. ஃபேக்டரியிலேயே போட்டு அனுப்பிடுவான்." சீடு என்று அவர் சொன்னது விதை எண்ணை. திரையில் மாறும் எண்கள் எல்லாம் முளைப்பது அந்த ரகசிய எண்ணிலிருந்துதான்.

நான் செயலிகளுக்கு வந்தேன். கூகுளா, மைக்ரோசாஃப்டா, ஆத்தியா, ஏஜிஸா? அவர் அசையவில்லை. பெயரைச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "ஆப் பேரு எனக்கு எதுக்கு? சீடு எங்கே இருக்கு, எத்தனை பேர்கிட்ட இருக்கு, அதைச் சொல்லு." மறுபடி கேட்டேன், மறுபடி அதே. சாப்பாட்டு இலையில் உட்கார்ந்தபோதும் அதே. கடைசியாக, "2011ல என்ன ஆச்சுன்னு போய்ப் படி. அப்புறம் வா" என்று எழுந்துவிட்டார்.

படித்தேன். அந்த ஆண்டு மார்ச்சில் ஆர்.எஸ்.ஏ. நிறுவனத்துக்குள்ளேயே ஊடுருவல் நடந்திருக்கிறது. ஆளெடுப்புத் திட்டம் என்ற தலைப்போடு வந்த மின்னஞ்சலின் எக்செல் கோப்பை ஊழியர் ஒருவர் திறந்ததுதான் தொடக்கம். மே மாதம் ஆயுதத் தயாரிப்பு நிறுவனமான லாக்ஹீட் மார்ட்டின் மீது தாக்குதல். ஜூனில், தன்னிடமிருந்து களவுபோன தகவல் அதற்குப் பயன்பட்டதை ஆர்.எஸ்.ஏ. ஒப்புக்கொண்டு, டோக்கன்களை மாற்றித்தர முன்வந்தது. அன்று அங்கே வேலை பார்த்தவர்கள் பத்தாண்டு ரகசிய ஒப்பந்தம் முடிந்து 2021-இல் பேசியபோது முழுக்கதையும் வெளிவந்தது. திருடு போனவை விதை எண்களேதான். டோக்கன் யார் சாவிக்கொத்தில் பத்திரமாகத் தொங்கினாலும், அதன் விதையின் நகல் தயாரித்தவரிடமும் இருந்தது.

அதே 2011 மே மாதத்தில்தான் இன்றைய செயலிகள் அத்தனைக்கும் அடிப்படையான ஆர்.எஃப்.சி. 6238 என்ற பொது ஆவணமும் வெளியானது. கணக்கு முழுக்க அதில் வெட்டவெளிச்சமாக இருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளை 30-ஆல் வகுத்து, ஈவை எடுத்துக்கொள்ள வேண்டும். அதையும் விதை எண்ணையும் சேர்த்து எச்மேக் என்ற முறையில் அரைத்தால் 20 பைட் கிடைக்கும். அதில் ஒரு துண்டை வெட்டி, கடைசி ஆறு இலக்கத்தைக் காட்டினால் முடிந்தது. இதில் கூகுளுக்கு வேலையே இல்லை.

ஆவணத்தின் பின்னிணைப்பில் சரிபார்ப்பதற்கென்று சில விடைகள் கொடுத்திருக்கிறார்கள். விதை எண், 1 முதல் 0 வரை பத்து எழுத்தும் மறுபடி அதே பத்தும். பழைய கைபேசி ஒன்றில் கூகுள் செயலியையும் ஏஜிஸையும் ஏற்றி, இணையத்தைத் துண்டித்து, இரண்டிலும் அந்த விதையை பேஸ்32 வடிவில் தட்டினேன். கடிகாரத்தை 2033 மே 18, காலை 9:03 என்று திருப்பி வைத்தேன். ஆவணத்தில் அந்த நேரத்துக்கு உரிய எட்டு இலக்கம் 69279037. இரண்டு செயலியிலும் ஆறு இலக்கமாக வந்து நின்றது: 279037.

எழுந்து நின்றுவிட்டேன். இன்னும் வராத ஒரு காலைப்பொழுதின் எண் 2011-லேயே அச்சாகியிருக்கிறது, கைபேசி யாரையும் கேட்காமல் அதைச் சொல்கிறது! கணக்கில் எந்தச் செயலியும் உசத்தி இல்லை, தாழ்த்தி இல்லை. சித்தப்பா பெயர்களைக் காதில் வாங்காததன் நியாயம் அப்போது புரிந்தது. செயலிக்குச் செயலி வேறுபடுவது ஒன்றே ஒன்றுதான்: விதை எண்ணை அது எங்கே வைக்கிறது, யாரிடம் கொடுக்கிறது.

அந்தக் கேள்வியோடு மறுபடி செயலிகளைப் பார்த்தேன். நாம் ஸ்கேன் செய்யும் கியூஆர் சதுரத்துக்குள் விதையோடு தளத்தின் பெயரும் நம் கணக்கின் பெயரும் இருக்கின்றன. கூகுள் 2023 ஏப்ரலில் மேகச் சேமிப்பைக் கொண்டுவந்தபோது, முனைக்கு முனை மறையாக்கம் இல்லாமலே அவை சர்வருக்குப் போவதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். கணக்கோடு இணைக்காமலும் அதைப் பயன்படுத்தலாம் என்பது வேறு விஷயம். ஆத்திக்குத் தொலைபேசி எண் கட்டாயம். 2024-இல் அதன் 3.3 கோடி பயனர்களின் எண்கள் வெளியே போயின. ஐபோனில் பலர் நம்பியிருந்த திறந்த மூலச் செயலியான ரைவோ 2023-இல் கைமாறியது. அடுத்த ஆண்டு ஓர் அப்டேட்டுக்குப் பின் பலருடைய பட்டியலே காணாமல் போனது. திறந்த மூலமாக இருந்தால் மட்டும் போதாது, விதைகளை வெளியே எடுத்து நாமே ஒரு பிரதி வைத்துக்கொள்ள வழி வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஏஜிஸ் இணைய அனுமதியே கேட்பதில்லை. விதைகளை மறையாக்கிய பெட்டகத்தில் வைக்கிறது, கேட்டால் கோப்பாகத் தருகிறது. நான் அதை எடுத்துக்கொண்டேன். ஒன்றுக்கு மேற்பட்ட கருவி வைத்திருப்பவர்களுக்கு, முனைக்கு முனை மறையாக்கத்தோடு ஒத்திசைக்கும் எண்டே ஆத் பொருந்தும்.

சித்தப்பாவிடம் சொன்னேன். "சரி, இன்னொரு நகல்?" என்றார். உண்மைதான். தளத்தின் சர்வரிலும் அதே விதை இருந்தால்தான் அதனால் சரிபார்க்க முடியும். அதை எந்தச் செயலியாலும் காக்க முடியாது. ரகசியச் சாவி நம்மிடமே இருக்கும் பாஸ்கீ என்ற நுழைவு முறையில் அந்தச் சிக்கல் இல்லை. தளத்திடம் இருப்பது பொதுச்சாவி மட்டும், திருடினாலும் அதை வைத்து உள்ளே நுழைய முடியாது. ஆகவே பாஸ்கீ தரும் தளங்களில் அதற்கு மாறிக்கொண்டிருக்கிறேன். தராத தளங்களுக்கு ஏஜிஸ். எந்தச் செயலி நல்லது என்று இனி யார் கேட்டாலும், பெயருக்கு முன்னால் சித்தப்பாவின் கேள்வியைத்தான் சொல்வேன்.