கூரை போட்ட பாலம்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

சென்ற விடுமுறையில் அப்பாயியுடன் புளியஞ்சோலை சென்றிருந்தோம். துறையூரைத் தாண்டி, கொல்லிமலையின் அடிவாரத்தில் இயற்கை அன்னை அமைத்த சோலை அது! மேலே ஆகாய கங்கையாய் விழும் ஐயாறு, இங்கே பாறைகளுக்கிடையே தவழ்ந்து வருகிறது.

அக்கரை செல்லப் பாறைமேல் கால் வைத்த அப்பாயி, தயங்கி நின்றுவிட்டார்.

"எங்க ஊர்ப் பக்கம் ஓயாவுக்குக் குறுக்கே கூரை போட்ட பாலம் இருந்துச்சுடா" என்றார்.

அப்பாயி பிறந்தது இலங்கையில், பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டமொன்றில். அவர் சொன்னது ஹாலி எல அருகிலுள்ள போகொட மரப்பாலம். 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்பர். பதுளையிலிருந்து கண்டிக்குச் சென்ற பழைய வழியில், விகாரை ஒன்றின் அருகே நிற்கிறது. இரும்பாணிக்குப் பதில் மர முளைகள், மேலே ஓட்டுக் கூரை, இருபுறமும் கைப்பிடிகள்.

சிறுமியாக இருந்தபோது, தாயாருடன் அங்கே மழைக்கு ஒதுங்கினாராம். வயலிலிருந்து ஓடிவந்த சிங்களப் பெண்ணொருத்தி, தன் முந்தானையால் இவர் தலையைத் துவட்டிவிட்டாளாம்.

"நீ எந்த நாட்டுக்காரின்னு அவ கேக்கலைடா."

நாடுகள் கேட்டன. 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அந்த எண்ணைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன் நான். அதில் ஒருவர் என் அப்பாயி என்பது அன்றுதான் நெஞ்சில் தைத்தது. 1972-இல் தலைமன்னாரில் கப்பலேறியவர், பிறகு அம்மண்ணைப் பார்க்கவேயில்லை.

நான் படித்ததைச் சொன்னேன்: "கூரை நமக்காக இல்லை அப்பாயி. மழையில் நனைந்து காய்ந்தால் மரம் உளுத்துவிடும். சுவிட்சர்லாந்திலும் மரப்பாலங்களுக்குக் கூரை போட்டது அதனால்தான்."

அப்பாயி சிரித்தார். "மரத்துக்குத்தான் போட்டாங்க. ஆனா நாங்களும் நனையலையே!"

எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

"ஒருநாள் உங்களை அங்கே கூட்டிப் போகிறேன்" என்றேன்.

"பாலம் இன்னும் நிக்குதா?"

"நிற்கிறது அப்பாயி."

"அது போதும். இப்ப கையைக் குடு."

கை கொடுத்தேன். வழுக்கும் பாறைகளில் ஒவ்வோர் அடியாக வைத்து, இருவரும் அக்கரை சேர்ந்தோம்.