கடைசிச் சாண்

தில்லிக் கரோல்பாக்கில் நாங்கள் குடியிருந்த நாட்களில், குளிர்காலம் தொடங்குமுன் பஞ்சு அடிப்பவர் தம் வில்லின் நாண் அதிரத் தெருவில் வருவார். துனியா என்று அவரை அழைப்பார்கள். ரஜாய்களுக்குரிய பருத்திப் பஞ்சை அவரே அடித்துத் தருவார். ஆனால் அப்பாவின் சாய்வு நாற்காலியில் முதுகுக்கு வைக்கும் சதுரத் திண்டுக்கு மட்டும் அவரிடம் பஞ்சு வாங்க அம்மா உடன்படமாட்டார். கோடை விடுமுறையில் போடிப் பக்கத்து உறவினர் வரும்போது ஒரு பை இலவம் பஞ்சு வந்து சேரும். இலவம் பஞ்சின் இழை உள்ளே வெறுமையான குழல் போன்றது, வழுவழுப்பானது, எளிதில் நூற்க இணங்காது, மூச்சுக் காற்றுக்கே பறக்கும். ஆதலால் அந்த வெயிலிலும் மின்விசிறியை நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அம்மா திண்டு அடைப்பார்.

உறையைப் புறம் மாற்றி வைத்து நான்கு ஓரங்களையும் தைப்பார். ஓர் ஓரத்தின் நடுவே மட்டும் ஒரு சாண் இடம் விடுவார். மூலையருகே விட்டால் முனை சரியாக அமையாது என்பார். அவ்வழியே உறையைத் திருப்பிப் பஞ்சடைப்பார். பிறகு அந்தச் சாணை மூடுவதில்தான் வேலையின் நுட்பமெல்லாம் இருந்தது. மற்றத் தையல்களை உட்புறத்திலிருந்து போடலாம். இதனை மட்டும் வெளியிலிருந்துதான் போடவேண்டும். ஆயினும் உள்ளிருந்து போட்டதுபோலவே தோன்றவேண்டும்.

அம்மா மறைந்த மறு ஆண்டு, பஞ்சு கட்டிப்போய்த் திண்டு தட்டையாகிவிட்டது. புதுப் பஞ்சு அடைக்க எண்ணிக் கத்தரிக்கோலை எடுத்தேன். எங்கே பிரிப்பது? நான்கு ஓரங்களும் ஒன்றுபோலவே இருந்தன. விளக்கடியில் துணியை இருபுறமும் இழுத்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தபோது, ஓரிடத்தில் மட்டும் நூல் ஏணிப்படிகளைப்போல் நேர் குறுக்கே தெரிந்தது. அதை வெட்ட மனம் வரவில்லை. அவர் கைவேலையாக வீட்டில் எஞ்சியிருந்தவை மிகச் சிலவே. அப்பாவின் முதுகுவலியை எண்ணியே வெட்டினேன்.

பஞ்சை அடைத்தபின், இரு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்துச் சுற்றிச் சுற்றித் தைத்தேன். கம்பளிப்பூச்சி ஒன்று படுத்திருப்பதுபோல் இருந்தது. பிரித்துவிட்டு, அம்மாவின் விரல்கள் இயங்கிய முறையை நினைவுக்குக் கொண்டுவந்தேன். விளிம்புகளை உள்ளே மடித்து நகத்தால் அழுத்தினேன். முடிச்சை மடிப்புக்குள் மறைத்தேன். ஒரு மடிப்பினுள் நெல்மணி அளவுக்கு ஊசியை ஓட்டி, வெளிவந்த இடத்துக்கு நேர் எதிரே மறு மடிப்பில் இறக்கவேண்டும். சாய்வாக இறங்கினால் துணி கோணும். நாலைந்து தையலுக்கு ஒருமுறை, தையலின் போக்கிலேயே நூலை மெல்ல இழுத்தால், படிகள் மறைந்து இரு மடிப்புகளும் ஒன்றையொன்று தழுவிக்கொள்ளும். மிகுதியாக இழுத்தால் சுருங்கும். தளர விட்டால் பஞ்சு எட்டிப் பார்க்கும். இறுதி முடிச்சுக்குப் பின் ஊசியைத் திண்டினுள் செலுத்தி, ஓர் அங்குலம் தள்ளி வெளியே வாங்கி, நூலை இழுத்துப் பிடித்து நறுக்கினேன். நுனி உள்ளே ஒளிந்துகொண்டது.

அப்பாவிடம் கொடுத்தேன். அவர் ஓரங்களை வரிசையாக விரலால் தடவினார். மூன்றாம் ஓரத்தில் விரல் நின்றது.

"இங்கேதானே பிரித்தாய்?"

"ஆமாம், அப்பா."

"உன் அம்மாவின் தையல் விரலில் தட்டுப்பட்டதே இல்லை" என்றார். சற்றுப் பொறுத்து, "இருக்கட்டும், இதுவும் இறுகத்தான் பிடித்திருக்கிறது" என்று திண்டை முதுகுக்குப் பின்னால் வைத்துச் சாய்ந்துகொண்டார்.

வெட்டியெடுத்த பழைய நூலை நான் எறிந்துவிடவில்லை. அது புதுப் பஞ்சோடு உள்ளேதான் இருக்கிறது. அப்பாவிடம் அதை மட்டும் சொல்லவில்லை.