வெள்ளிக்கிழமை ஊசியும் தடுப்பூசியும்

மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டியபொழுது, தமிழாசிரியன் ஒருவன் எழுதக்கூடிய பொருளையே எதிர்பார்த்திருப்பர். சங்கப் பாடலொன்றின் உவமையையோ கம்பன் படைத்த பாத்திரமொன்றையோ எடுத்துக்கொண்டு நான்கு பக்கங்களை நிரப்புவது எமக்கு அரிதன்று. முன்னைய மலர்களில் அப்பணியைச் செய்தும் இருக்கின்றோம். ஆயின், அண்மைக் காலத்தில் எமக்கு வருங் கடிதங்களுட் பல இலக்கியம் பற்றியன அல்ல. இலண்டனிலும் தொறொன்ரோவிலும் கொழும்பிலும் வாழும் பழைய மாணவர் சிலர், "சேர், உங்களுக்கும் அந்த ஊசிதானாமே? தடுப்பூசி போட்ட கிழமை அதை நிறுத்தினீங்களோ?" என்று வினவுகின்றனர். ஒருவருக்கு முடக்குவாதம், ஒருவருக்குத் தோல் செதில் செதிலாக உதிரும் நோய், இன்னொருவருக்குச் சிறுநீரகம் மாற்றப்பட்டுள்ளது. தனித்தனியே விடையெழுத எம் விரல்கள் இடந்தருவதில்லை. ஆதலின், எல்லார்க்கும் ஒருமிக்க இங்கே எழுதுகின்றோம். யாம் பயிற்றப்பட்ட ஆசிரியரேயன்றி மருத்துவர் அல்லேம் என்பதை வாசிப்போர் நினைவிற் கொள்க.

2017 ஆம் ஆண்டில் எமக்கு இந்நோய் தொடங்கிற்று. காலையில் எழுந்தால் விரல் மூட்டுக்கள் மடங்க மறுத்தன. ஒரு மணி நேரம் வெந்நீரிற் கையை வைத்திருந்த பின்னரே சட்டைப் பொத்தானைப் பூட்டலாம், வெண்கட்டி பிடிக்கலாம். இரத்தப் பரிசோதனையின் பின் வைத்தியர் முடக்குவாதம் என்றார். வெளியிலிருந்து வரும் கிருமிகளை எதிர்த்தற்கென்று உடலில் அமைந்துள்ள நிர்ப்பீடனப் படை தன்னுடைய மூட்டுக்களையே தாக்குதலால் வருவது இந்நோய். வேலியே பயிரை மேய்தல் என்று நாம் வகுப்பிற் சொல்வோமே, அதுதான்.

அப்படையை அடக்குதற்கு எமக்குத் தரப்பட்ட மருந்து மெதொற்றெக்சேற் என்பது. முதலிற் குளிசையாக உட்கொண்டோம். வயிற்றைப் பெரிதும் புரட்டியமையால், வைத்தியர் அதனைத் தோலின் கீழ் ஏற்றும் ஊசியாக மாற்றினார். வாரத்துக்கு ஒரே ஒரு முறை, 15 மில்லிகிராம். இங்கே ஒன்றை அழுத்திக் கூறவேண்டும். இம்மருந்தை நாள்தோறும் எடுப்பதென்று மயங்கிக்கொண்டோர் உயிரிழந்ததும் உண்டு. ஆதலின் கிழமையை முடிவுசெய்து, அதனை நாட்காட்டியிற் குறித்துவிடல் வேண்டும். யாம் வெள்ளிக்கிழமையைத் தெரிந்தோம். கோயிலுக்குப் போய்வந்து, இரவுணவின் பின் ஊசியை ஏற்றினால், மறுநாட் குமட்டல் சனிக்கிழமையோடு கழியும், பாடசாலைக்கு இடையூறில்லை. போலிக் அமிலக் குளிசை வேறொரு நாளில். இவ்வாறே எம் வாரம் அமைந்தது.

இம்மருந்தின் வரலாற்றிலே எமக்கு ஒரு தனிப்பற்று உண்டு. இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தேடிய முயற்சியிலே பிறந்தது இது. அம்முயற்சியில் முன்னின்றோருள் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895 இல் ஆந்திரத்திலே பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். காந்தியடிகளின் அழைப்புக்கிணங்கிக் கதராடை அணிந்து சென்றமையால் ஆசிரியர் ஒருவரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த பட்டமே பெற்றார் என்பர். பின்னர் அமெரிக்கா சென்று, இலெடர்லி ஆய்வுகூடத்தில் அவர் தலைமையில் உழைத்தோர் ஆக்கிய அமினொப்ரெறினைப் பொஸ்ரனில் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் நோயுற்ற குழந்தைகட்குக் கொடுத்துக் கண்ட பயன் 1948 இல் வெளியாயிற்று. சுப்பாராவ் அவ்வாண்டிலேயே காலமானார். அமினொப்ரெறினின் உடன்பிறப்பே எமது மெதொற்றெக்சேற். முடக்குவாதத்துக்கு அதனைக் கொடுக்க அமெரிக்க அரசு 1988 இல் இசைவளித்தது. கதராடைக்காகப் பட்டத்தை இழந்த ஒருவரின் உழைப்பு எமது குளிர்சாதனப் பெட்டியின் அருகே, அலுமாரித் தட்டில் இருக்கின்றது என்று எண்ணுங்கால் வெள்ளியிரவுகள் சற்றே எளிதாகின்றன.

இனி வினாவுக்கு வருவோம். தடுப்பூசி ஏற்றியதும், அதிலுள்ள பொருளை இனங்காணும் நிணநீர்க்குழியங்கள் பெருகத் தொடங்குகின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஏறக்குறைய இரண்டு கிழமைகளுக்குட் பிறபொருளெதிரிகள் உண்டாகின்றன. மெதொற்றெக்சேற் செய்யும் தொழில்களுள் ஒன்று அவ்வாறான பெருக்கத்தைத் தடுப்பதே. அஃதாவது, ஒரு கையாற் படையைத் திரட்டி, மறு கையாற் கலைப்பது போலாகும். 2021 யூலையில் ஆசிரியர்களுக்குத் தடுப்பூசி ஏற்றிய காலத்தில் எம் வைத்தியரிடம் இதனைக் கேட்டோம். அவர் சொன்னது: "மாஸ்ரர், மூட்டு அமைதியாக இருக்கிறது. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் வருகிற வெள்ளியை விடுங்கோ. அதற்கு முன்னம் நிறுத்தத் தேவையில்லை."

முன்னர் நிறுத்துதல் ஏன் வேண்டாம் என்பது எமக்கு அப்பொழுது புதிராக இருந்தது. மருந்து உடலிலிருந்து நீங்கிய பின்னரல்லவா தடுப்பூசி ஏற்றவேண்டும் என்று தோன்றும். கொரிய நாட்டு மருத்துவர்கள் இன்புளுவென்சாத் தடுப்பூசியை வைத்து இதனை ஆராய்ந்திருக்கின்றனர். தடுப்பூசிக்கு முன்னர் மட்டும் நிறுத்தியோர்க்கு அதனாற் பெரும்பயன் விளையவில்லை. பின்னர் நிறுத்தியோரே பயனடைந்தனர். 2018 இல் அவர்கள் வெளியிட்ட ஆய்விலே 316 நோயாளர் கலந்துகொண்டனர். தடுப்பூசியின் பின் இரண்டு கிழமை மருந்தை நிறுத்தியோருள் நூற்றுக்கு 75 பேரளவிற்குப் போதிய பயன் கிட்டிற்று. நிறுத்தாதோருள் நூற்றுக்கு 54 பேரளவிற்கே கிட்டிற்று. படை பெருகுங் காலம் பின்னைய நாட்களாதலின், தடை நீங்கவேண்டியதும் அந்நாட்களிலேயே.

முதலிரு ஊசிகளும் சினோபாம். நான்கு கிழமை இடைவெளியில் ஏற்றப்பட்டன. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வெள்ளியை விட்டோம். மூட்டுக்கள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது ஊசியே எம்மைச் சோதித்தது.

2022 தொடக்கத்திற் பைசர் ஊசி வந்தது. இம்முறை இரண்டு வெள்ளிகளை விடலாம் என்றார் வைத்தியர். பெப்ரவரி 7 ஆந் திகதி உயர்தரப் பரீட்சை தொடங்க இருந்தது. எம் மாணவர் கொரோனாவால் இரண்டாண்டுகள் பாதிப் பாடத்தோடு வந்தவர்கள். மீட்டல் வகுப்புக்களை விட இயலாது. வகுப்பிலோ நாற்பது பேர் நெருங்கி இருப்பர். வீட்டிலோ எண்பத்திரண்டு வயதான அன்னையார். பள்ளியிலிருந்து நோயைக் கொண்டுபோய் அவரிடம் சேர்த்தல் கூடாது என்பதே எமக்கு முன்னின்ற எண்ணம். வலிக்கு அஞ்சி ஊசியைப் பரீட்சையின் பின்னுக்குத் தள்ளுவதா, பாதுகாப்பு வேண்டி முன்னரே ஏற்றுவதா? சனவரி 12 ஆந் திகதி, புதன்கிழமை, ஏற்றினோம். பொங்கலன்று வெள்ளி, ஊசி இல்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. அன்னையார் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, "தம்பி, கை நோகுது எண்டு சொல்லுறாய், பின்னை ஏன் மருந்தை விடுறாய்?" என்றார். நிணநீர்க்குழியத்தை அவருக்கு விளக்க முற்பட்டோம். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப சாப்பிடு" என்று சொல்லி எழுந்து போனார்.

வாசகர் ஒரு கணக்கைக் கவனிக்க. விட்டவை இரண்டு வெள்ளிகளே. ஆயின் 7 ஆந் திகதி ஏற்றிய மருந்துக்கும் 28 ஆந் திகதி ஏற்றிய மருந்துக்கும் இடையிலே கழிந்தவை மூன்று கிழமைகள். மூன்றாங் கிழமையில் வலக்கை மணிக்கட்டு வீங்கிற்று. வெண்கட்டி விரலில் நிற்கவில்லை. முன்வாங்கில் இருந்த மாணவன் ஒருவனை அழைத்து, யாம் சொல்லச்சொல்லக் கரும்பலகையில் எழுதுவித்தோம். நல்ல பிள்ளை, கையெழுத்தும் அழகு. ஆயினும் லகர ளகர மயக்கமும் றன்னகர ணகர மயக்கமும் பலகை முழுவதும் பரந்து கிடந்தன. இரண்டாண்டுகளாக அவன் கட்டுரைகளைக் கணினி வழியாகவே திருத்தினோமாதலின் இத்துணை என்று அறிந்திலோம். திருத்தத் திருத்த வகுப்பே எழுத்திலக்கண வகுப்பாயிற்று. பரீட்சைக்கு அதுவும் உதவிற்று என்று பின்னர் அவனே சொன்னான்.

28 ஆந் திகதி ஊசியை மீண்டும் தொடங்கினோம். பரசிற்றமோலும் ஓய்வும் போதும் என்றார் வைத்தியர். இம்மருந்து மெதுவாகவே வேலைசெய்வது. வீக்கம் முற்றும் வடியப் பெப்ரவரி நடுப்பகுதி ஆயிற்று. எமக்கு அவ்வளவில் நின்றது. சிலர்க்கு நோய் கிளர்ந்தெழுந்து ஸ்ரெறொயிட் மருந்து கொடுக்கவேண்டி வரும்; அதனை மிகுதியாகக் கொடுத்தால் அதுவே நிர்ப்பீடனத்தை அடக்கும். ஆதலின், நிறுத்தம் எல்லார்க்கும் இலாபமன்று. 2022 இல் பிரித்தானியாவில் 254 பேரைக்கொண்டு செய்த ஆய்வும் இதனையே காட்டிற்று. கொரோனா மேலதிக ஊசியின் பின் இரண்டு கிழமை மெதொற்றெக்சேற்றை நிறுத்தியோர்க்குப் பிறபொருளெதிரி ஏறக்குறைய இருமடங்காயிற்று. மூட்டுநோய் கிளர்தலும் அவர்களிடையே கூடிற்று. இருமடங்கு பிறபொருளெதிரி என்பதை இருமடங்கு பாதுகாப்பு என்று கொள்ளுதலும் பொருந்தாது. எம் அளவிலோ, அன்னையார் இருக்கும் வீட்டில், மூன்று கிழமை வலியைப் பெரும்விலை என்று யாம் எண்ணவில்லை. தனியே வாழும் ஒருவர் வேறாக முடிவுசெய்தால் அதனையும் குறை சொல்லோம்.

எமக்குச் சொல்லப்பட்டதை மற்றைய மருந்து எடுப்போர் அப்படியே பின்பற்றலாகாது. அடலிமுமாப் போன்ற ஊசிகளைத் தடுப்பூசிக்காக நிறுத்துமாறு பொதுவாகச் சொல்லப்படுவதில்லை. ஸ்ரெறொயிட் குளிசையை நெடுநாள் எடுப்போர் அதனைத் திடீரென நிறுத்துதல் ஆபத்து. சிறுநீரகம் மாற்றப்பெற்ற அன்பர் தம் மருந்தில் ஒருவேளையைத்தானும் தாமாக விடலாகாது. மாற்றிய உறுப்பை உடல் தள்ளிவிடும். வேறொரு பாடசாலையிற் கற்பிக்கும் எம் நண்பர் ஒருவருக்கு றிற்றுக்சிமாப் என்னும் மருந்து ஆறு மாதத்துக்கொருமுறை ஏற்றப்படுகின்றது. பிறபொருளெதிரியை ஆக்கும் குழியங்களையே அது மாதக்கணக்கில் இல்லாமற் செய்துவிடும். ஒரு கிழமை விடுவதால் ஆவதொன்றுமில்லை. ஆதலின், அடுத்த தவணை வரும் வேளையிலே தடுப்பூசியை முதலில் ஏற்றி, இரண்டு கிழமையேனும் கழித்து றிற்றுக்சிமாப்பைக் கொடுத்தனர். இன்புளுவென்சாத் தடுப்பூசிக்கு மாத்திரம் அவ்வாறு காத்திருக்கவேண்டாம், காய்ச்சற் பருவம் காத்திராது என்று அமெரிக்க வாதநோயியற் கல்லூரி அறிவுறுத்துகின்றது.

இவையெல்லாம் உயிரற்ற தடுப்பூசிகள் பற்றியன. உயிருள்ள கிருமியை வலுக்குறைத்து ஆக்கிய தடுப்பூசிகள் வேறு வகுப்பைச் சார்ந்தன. சின்னமுத்து, கொப்புளிப்பான், மஞ்சட்காய்ச்சல் என்பவற்றுக்குரியவை அவை. அடக்கப்பட்ட உடலில் அவ்வலுவற்ற கிருமியே நோயாகப் பெருகலாம். கொழும்பில் வணிகஞ் செய்யும் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு எமக்கு எழுதினார். ஆபிரிக்க நாடொன்றுக்குப் போகவேண்டும். மஞ்சட்காய்ச்சற் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கின்றனர். இரண்டு கிழமை மெதொற்றெக்சேற்றை விட்டு ஏற்றலாமா என்பது அவர் வினா. அவர் அடலிமுமாப்பும் சேர்த்து எடுப்பவர். அக்கணக்கு இதற்குப் பொருந்தாது, உம் வைத்தியரைக் காணும்வரை ஊசி நிலையத்தின் வாசலை மிதியாதீர் என்று அன்றே தொலைபேசியிற் சொன்னோம். வைத்தியர், இவ்வூசி இவருக்கு ஏற்றலாகாது என்று கடிதம் எழுதிக்கொடுத்தார். அக்கடிதத்தைக் காட்டி உட்செல்லலாம். ஆயினும் அந்நாட்டிலே நுளம்பு கடித்தால் காப்பது ஒன்றுமில்லை என்றும் அவரே சொன்னார். அன்பர் இரண்டு நாள் யோசித்துத் தம் கூட்டாளியை அனுப்பிவைத்தார்.