அரிக்குதுன்னு சொன்னா, முதல்ல காலைப் பாருங்க

1/ போன மார்கழி. பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயக் காட்டுல களை எடுக்கப் போற ஒரு பாட்டி ஓபிக்கு வந்தாங்க. வயசு எழுபதுக்கு மேல. "ராவெல்லாம் அரிக்குது தம்பி, தூக்கமே இல்ல" என்றார்கள். கூட்டம் அதிகம். அரிப்புக்கு மாத்திரை எழுதி அனுப்பிட்டேன். பத்து நாள் கழிச்சு மறுபடி வந்தாங்க. அதே மாத்திரை.

2/ மூணாவது தடவை மகன் தூக்கிட்டு வந்தார். சொறிஞ்ச இடம் புண்ணாகி, சீழ் பிடிச்சு, முழங்கால் வரைக்கும் வீக்கம். சர்க்கரை 340. ஒன்பது நாள் அட்மிஷன். கால் தப்பிச்சது. முதல் நாளே "காலைக் காட்டுங்க பாட்டி"ன்னு கேட்டிருந்தா, வறண்ட ஏரி மாதிரி வெடிச்சுக் கிடந்த தோலைப் பார்த்திருப்பேன். அந்தத் தவறு என்னுடையது. அதனாலதான் இந்த இழை.

3/ தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. செல்கள்தான் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால் போன்ற கொழுப்புகள்தான் நடுவே இருக்கும் கலவை. வயதாக ஆக இந்தக் கொழுப்பும் எண்ணெய்ச் சுரப்பும் குறையும். கலவை உதிர்ந்த சுவர் என்ன ஆகும்னு சிமெண்ட் ஊரான அரியலூர்ல யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கும் கிருமி உள்ளே வரும்.

4/ "நிறைய தண்ணி குடிச்சா சரியாகுமா டாக்டர்?" தண்ணீர் உடம்புக்கு அவசியம். ஆனா ஓட்டைக் குடத்துல எவ்வளவு ஊத்தினாலும் ஒழுகத்தான் செய்யும். ஓட்டையை அடைக்கணும்.

5/ கிரீம்கள் செய்யும் வேலை மூணுதான்.
ஈரத்தைப் பிடிச்சு வைப்பவை: கிளிசரின், யூரியா, ஹயலுரானிக் அமிலம்.
ஈரம் தப்பாம மூடி போடுபவை: பெட்ரோலியம் ஜெல்லி, திரவ பாரஃபின்.
கலவையை நிரப்புபவை: செராமைடு.

6/ ஹயலுரானிக் அமிலத்துக்கு இப்போ ஏக விளம்பரம். 1934-ல் மாட்டுக் கண்ணிலிருந்து பிரிச்சு எடுத்த பொருள் இது. நம்ம தோலிலும் உண்டு. ஆனா மூலக்கூறு பெரிசு. பூசினா பெரும்பாலும் மேலேயே நிக்கும். ஈரம் காக்கும், பொய்யில்லை. அந்த வேலையை விலை குறைஞ்ச கிளிசரினும் பெட்ரோலியம் ஜெல்லியும் சேர்ந்து நல்லாவே செய்யும்.

7/ எப்படிப் பூசணும்? கொதிக்கிற தண்ணி வேண்டாம். வெதுவெதுப்பா, சீக்கிரமா குளியல். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதத்துக்கு மட்டும். கல்லு, பீர்க்கங்காய் நார் வெச்சுத் தேய்க்காதீங்க. துண்டால ஒத்தி எடுத்து, ஈரம் காயும் முன்னாடியே பூசுங்க. ராத்திரி இன்னொரு தடவை. தேங்காய் எண்ணெய் மட்டும்தான் இருக்கா? அதுவும் சரிதான்.

8/ கவனம்: விரல் இடுக்குல பூச வேண்டாம். வெடிப்புல யூரியா எரியும். பாதத்துல பூசிட்டு நடந்தா வழுக்கும்; படுக்கும்போது பூசுங்க. பாரஃபின் ஊறின துணி சட்டுன்னு தீப்பிடிக்கும். அந்தச் சேலையோட விறகடுப்பு பக்கம் போகவே கூடாது.

9/ மருந்துக்கடையில "அரிப்பு கிரீம்" கேட்டு வாங்காதீங்க. பலதுல ஸ்டீராய்டு இருக்கும். ஏற்கனவே மெலிஞ்ச தோல் இன்னும் மெலியும். தூக்கம் வர வைக்கும் அரிப்பு மாத்திரையால ராத்திரி எழுந்து தடுமாறி விழும் பெரியவங்களும் உண்டு.

10/ ரெண்டு வாரம் பூசியும் அரிப்பு குறையலையா? வீட்ல எல்லாருக்கும் அரிக்குதா? கண் மஞ்சளா இருக்கா, எடை குறையுதா? சர்க்கரை நோயாளிக்குக் கால்ல வெடிப்பா? உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. சிறுநீரகம், கல்லீரல் கோளாறும் சொறி சிரங்கும் இப்படித்தான் தொடங்கலாம்.

11/ பாட்டி இப்பவும் மாசாமாசம் சர்க்கரை மாத்திரைக்கு வர்றாங்க. சுருக்குப்பையில வெத்தலையோட ஒரு ஜெல்லி டப்பா. நான் மறந்தாலும் அவங்க விடறதில்ல: "காலைப் பாக்கலியா தம்பி?"

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க அம்மா, அப்பா காலை ஒருமுறை தொட்டுப் பாருங்க.