முத்துக் குளித்த கடலில் ஒரு கணக்கெடுப்பு

தூத்துக்குடி என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது மக்ரூன்தான். முந்திரிப் பருப்பும் முட்டையின் வெள்ளைக் கருவும் சர்க்கரையும் சேர்ந்து, வாயில் போட்டதும் கரைந்துவிடும் அந்தக் கூம்புப் பண்டம். ஒரு டப்பா வாங்கிக்கொண்டு, பனிமய மாதா கோயிலை எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திருச்செந்தூருக்குக் கிளம்பிவிடுவோம். இந்தத் தடவை நாத்தனார் வீட்டில் நாலு நாள் சேர்ந்தாற்போல் தங்க வாய்த்தது. "மதினி, ஒருநாளாவது கடலை ஒழுங்காப் பாருங்க" என்று பிள்ளைகளோடு என்னையும் முயல் தீவுக் கடற்கரைக்கு இழுத்துப் போனாள்.

முயல் தீவு என்று பெயரே தவிர, இப்போது அது தீவு அல்ல. துறைமுகம் கட்டியபோது கரையோடு சேர்ந்துவிட்டது. ஒரு பக்கம் கப்பல்கள், இன்னொரு பக்கம் குழந்தைகள் ஓடி விளையாட மணல். அங்கே வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "இந்தக் கடலில் என்னவெல்லாம் இருக்கிறது, தாத்தா?" என்று என் மகள் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "கரையில நின்னு பாத்தா என்ன தாயி தெரியும்? முங்கிப் பாத்தவனுக்குல்லா தெரியும்!"

பெரியவர் சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக முங்கிப் பார்த்துத்தான் முடிவு செய்திருக்கிறார்கள். முத்துக் குளிப்பது என்றால் நினைத்தபோது கடலில் குதிப்பது என்று நானும்தான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. கடலுக்கடியில் சிப்பிகள் கூட்டமாக வளரும் கல்திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள 'தொள்ளாயிரம் பார்' பேர் பெற்றது. சர்க்கார் படகுகள் முதலில் அந்தப் பார்களுக்குப் போகும். குளியாட்கள் மூழ்கி, சிப்பி எவ்வளவு அடர்த்தியாகக் கிடக்கிறது, எத்தனை வயதுச் சிப்பி என்று பார்த்துச் சொல்வார்கள். மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்து வந்து, திறந்து, கிடைத்த முத்துக்களுக்கு விலை மதிப்பார்கள். கட்டுப்படியாகும் என்று தெரிந்தால்தான் சலாபம் நடக்கும் என்று அறிவிப்பு வரும். குஞ்சுச் சிப்பியாக இருந்தால் பாரை அப்படியே விட்டுவிட வேண்டியதுதான்.

குளியாளின் இடுப்புக் கயிற்றை அவன் மச்சான்தான் பிடித்துக்கொண்டிருப்பானாம். தங்கை தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்று ஒரு கணக்கு! நாத்தனார் இதைச் சொல்லிவிட்டு, ஊரில் இருக்கும் தன் அண்ணனை, அதாவது என் வீட்டுக்காரரை, ஒரு பிடி பிடித்தாள். அது தனிக் கதை.

1955 முதல் 1961 வரை சலாபம் நடந்தது. அதற்குப் பிறகு நடக்கவேயில்லை. போய்ப் பார்த்தார்கள், குளிக்கும் அளவுக்கு முற்றிய சிப்பி சேரவில்லை. 1973-ல் பக்கத்திலுள்ள வேப்பலோடையில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள் என்பது ஒரு ஆறுதல்.

கடலுக்குள் எதையாவது கட்டும்போதும் இப்படி முதலில் முங்கிப் பார்த்தார்களா? ரொம்ப காலம் யாரும் பார்க்கவில்லை. கரையோரம் ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, தோணிகளில் சரக்கை ஏற்றி இறக்கிய ஊர் இது. கப்பல் கரைக்கே வர வேண்டும் என்று கடலுக்குள் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பினார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளம். 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவித்தார்கள், 2011-ல் வ.உ.சி. பெயரைச் சூட்டினார்கள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. வேலை தொடங்கிய 1960-களில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே கிடையாது; அது 1972-ல் வந்தது. பெரிய திட்டங்களுக்கு முன்னால் சுற்றுச்சூழல் ஆய்வு கட்டாயம் என்ற விதி 1994-ல்தான் வந்தது.

அந்த நாளில் பவளப்பாறையை யாரும் உயிருள்ள பொருளாகவும் நினைக்கவில்லை. சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் படகு படகாக உடைத்து வந்தார்கள். கரைக்கு எதிரே தூத்துக்குடித் தீவுக் கூட்டம் இருக்கிறது: வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி. இந்தத் தீவுகளுக்குப் பவளப்பாறைதான் கோட்டைச் சுவர். அலை அதில் மோதி வேகம் தணிந்துதான் மணலுக்கு வரும். சுவரை உடைத்தால் என்ன ஆகும்? விலாங்குச்சல்லி தண்ணீருக்குள்ளேயே போய்விட்டது. வான் தீவு 1986-ல் சுமார் 16 ஹெக்டேர் இருந்தது. 2014 வாக்கில் 2 ஹெக்டேருக்குச் சற்று மேல்!

இந்தக் கணக்கெல்லாம் நமக்கு எப்படித் தெரிகிறது? தூத்துக்குடியிலேயே சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2003 முதல் 2005 வரை அவர்கள் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் பக்கம் வரைக்கும் உள்ள 21 தீவுகளைச் சுற்றிலும் முங்கிப் பார்த்தார்கள். முறை நம் வீட்டுத் தையல் வேலை மாதிரி எளிமையானது. 20 மீட்டர் அளவு நாடாவைப் பாறை மேல் விரிப்பார்கள். நாடாவுக்கு அடியில் உயிருள்ள பவளம் எவ்வளவு, செத்தது எவ்வளவு, பாசி, மணல் எவ்வளவு என்று தண்ணீருக்குள்ளேயே பலகையில் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். நாடாவைச் சுருட்டிக்கொண்டு அடுத்த இடம். இப்படித் திரட்டியதில், மன்னார் வளைகுடாவில் 110 சதுர கிலோமீட்டர் பவளத் திட்டு, அதில் 32 சதுர கிலோமீட்டர் ஏற்கெனவே பாழ் என்று தெரிந்தது. பவள வகைகள் மட்டும் 117!

பிறந்த குழந்தையை முதல் வேலையாக எடை போட்டு அட்டையில் எழுதிக்கொடுக்கிறார்களே, எதற்கு? அடுத்த மாதம் தேறியிருக்கிறதா, இளைத்திருக்கிறதா என்று அந்த முதல் எடையை வைத்துத்தானே சொல்ல முடியும்! 2016-ல் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. உயிருள்ள பவளம் 39 சதவிகிதத்திலிருந்து 23 சதவிகிதத்துக்கு இறங்கியது. முன்பே எழுதி வைத்த கணக்கு இல்லாவிட்டால், "என்னமோ கொஞ்சம் வெளுத்திருக்கு" என்று போயிருப்பார்கள்.

கணக்கெடுத்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டத்தையே பாருங்கள். நாகபுரியிலுள்ள 'நீரி' நிலையம் 2004-ல் ஆய்வறிக்கை கொடுத்தது. கடலோர மாவட்டங்களில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. தோண்டினால் சேறு எங்கே போய்ப் படியும், புயலடித்தால் என்ன ஆகும் என்ற ஆராய்ச்சி போதாது என்று விஞ்ஞானிகள் சிலரும் மீனவர்களும் குறை சொன்னார்கள். நடுவில் அந்த டிசம்பர் 26-ம் தேதி சுனாமியும் வந்து போனது. ஆனாலும் 2005 மார்ச் கடைசியில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்து, ஜூலையில் வேலை தொடங்கிவிட்டது. பிறகு வழக்கு, வாதம் என்று பாதியிலேயே நின்றது. அரசியலுக்குள் நான் போகவில்லை. கணக்கு எடுப்பது கையெழுத்து வாங்குவதற்காகவா, நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகவா என்பதுதான் என் சந்தேகம்.

இந்தக் கடலை ஒரே ஒரு மாதம் பார்த்துவிட்டு எழுத முடியாது. பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறுவது வருஷத் தொடக்க மாதங்களில். வலசைப் பறவைகள் உப்பளங்களுக்கு வருவது மழைக்காலத்தை ஒட்டி. கடற்பசு, அதாவது இங்குள்ளவர்கள் ஆவுளியா என்று சொல்கிறார்களே, அது கண்ணில் படுவதே அபூர்வம். மே மாத வெயிலில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தால், 'இங்கே ஒன்றுமில்லை' என்றுதான் எழுதிக்கொண்டு போவார்.

பம்பாயில் கடலோரச் சாலை போட்டபோது, வொர்லி, ஹாஜி அலி கடற்கரைப் பாறைகளில் பவளம் இருப்பதைக் கண்டார்கள். 2020-ல் 18 பவளக் கூட்டங்களைப் பெயர்த்து வேறு இடத்தில் பதித்தார்கள், பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. நல்ல காரியம்தான். ஆனால் 18-ஐப் பெயர்த்து வைக்கலாம். மைல் கணக்கில் கிடக்கும் பாறையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வான் தீவில் நடந்தது மனசுக்குக் கொஞ்சம் தெம்பு தருகிறது. அலையைத் தடுக்கத் துளை வைத்த கான்கிரீட் கூடுகளை, 2015 கடைசியிலிருந்து 10,000-க்கும் மேல் கடலடியில் இறக்கினார்கள். அதற்கும் முன்னால் ஆழம் எவ்வளவு, பவளமும் கடற்புல்லும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் இறக்கினார்கள். தீவு கரைவது மட்டுப்பட்டது. கூடுகளில் மீன் சேர்ந்தது. சின்னச் சின்னப் பவளங்களும் ஒட்டி வளர்கின்றன.

2024 பிப்ரவரி 28-ம் தேதி துறைமுகத்தின் வெளித் துறைமுகத் திட்டத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். மதிப்பு 7,000 கோடி ரூபாய்க்கு மேல். துறைமுகம் வளரக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நாத்தனார் வீட்டுக்காரருக்கே சரக்கு ஏஜென்சியில்தான் உத்தியோகம். "வரட்டும் மதினி, நாலு பேருக்கு வேலை கிடைக்கும்" என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா வான் தீவு பக்கத்துலல்லா இருக்கு, பாத்து செய்யணும்" என்றும் சொன்னாள்.

நீங்களும் போவதானால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். காலையில் உப்பளத்து ஓரம் போனால் அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைகளைப் பார்க்கலாம். நிழலே கிடையாது, குழந்தைகளுக்குத் தொப்பியும் குடிதண்ணீரும் அவசியம். தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. நினைத்தபடி இறங்க அனுமதியில்லை. சிப்பி, சங்கு விற்கும் இடங்களில் யாராவது பவளப்பாறைத் துண்டையோ காய்ந்த கடல் குதிரையையோ அலமாரியில் வைக்க அழகாயிருக்கும் என்று நீட்டினால் வாங்காதீர்கள். 2001 முதல் இரண்டுமே சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன; வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். அந்தக் காசுக்கு இன்னும் ஒரு டப்பா மக்ரூன் வாங்கிக்கொள்ளுங்கள்.