29 மில்லிகிராம்

மருத்துவமனை உணவியல் பயிற்சிக் காலத்தில் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய என் சொந்த உணவுக் குறிப்பேட்டை நான் பொய்யாக எழுதினேன். ஒரு வாரம் சாப்பிட்டதை அன்றன்றைக்கே எழுத வேண்டும் என்பது விதி. நான் கடைசி நாள் ராத்திரி பள்ளிக்கரணை லேடீஸ் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து, விடையை முதலில் போட்டுவிட்டு அதற்கேற்ற சாப்பாட்டைத் தேடினேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சொன்ன 1660 கலோரி சுலபமாக வந்துவிட்டது. படுத்தி எடுத்தது இரும்புச்சத்துதான். ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் முருங்கைக்கீரையிலேயே நாலரைதான். கம்பங்கூழ், எள்ளுருண்டை, கீரைக் கூட்டு என்று ஒரே நாளில் அடுக்கி ஒருவழியாக 29ஐத் தொட்டேன். அந்த வாரம் நான் நிஜமாகச் சாப்பிட்டது பெரும்பாலும் டீயும் பட்டர் பிஸ்கட்டும்.

அந்த அட்டவணையைப் போட்ட நிறுவனத்தின் பூர்வீகம் குன்னூர். அங்கே மெக்காரிசன் என்ற மருத்துவர் 1920களில் இந்தியாவின் பல வட்டாரச் சாப்பாடுகளை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலி முதலிடம். நம் மதராஸ் சாப்பாடு தின்றது கடைசி. வகுப்பில் இதைக் கேட்டு ரோஷப்பட்டவள் நான். என் டீ-பிஸ்கட்டைப் பார்த்திருந்தால் மெக்காரிசன் மதராஸ் எலிக்கும் கீழே எனக்கு ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்.

நேரம் இல்லை என்பது முழுப் பொய் இல்லை. பதிவுபெற்ற உணவியல் நிபுணர் தேர்வு எழுத ஆறு மாத மருத்துவமனைப் பயிற்சி கட்டாயம். எங்களுக்குச் சம்பளம் கிடையாது, நாங்கள்தான் பணம் கட்டினோம். விடிந்ததும் கிச்சனில் நிற்க வேண்டும். கிட்னி நோயாளிக்குக் காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, பொட்டாசியம் போக வடித்தார்களா என்று பார்ப்பது, டிரேக்களில் சர்க்கரை, கிட்னி, உப்பில்லாதது என்று ஸ்டிக்கர் சரிபார்ப்பது, மூக்குக் குழாய் வழியாகப் போகும் கஞ்சியை அளப்பது எல்லாம் எங்கள் வேலை. இட்லி ஆவி முகத்தில் அடிக்கும். அதிலிருந்து ஒன்றைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. பிறகு ரவுண்ட்ஸ். ராத்திரி ஹாஸ்டலுக்கு வந்தால், காற்று திரும்பிய நாளில் பெருங்குடி குப்பைமேட்டு நாற்றம் ஜன்னல் வழியே வரும்.

ஆனால் இதையெல்லாம் சாக்காகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பசியோடு நிற்பதில் எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது. “காலைலேருந்து ஒண்ணுமே சாப்பிடலடி” என்று ஒருத்தியிடம் ஒருத்தி சொன்னது புகார் இல்லை, பீற்றல். டிபன் டப்பாவைத் திறந்து நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு தோழியைச் சோம்பேறி என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களில் நானும் உண்டு.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. நோயாளியிடம் “நேத்து முழுக்க என்னென்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டு எழுதுவது எங்கள் அன்றாட வேலை. அதில் பொய் எங்கே பதுங்கும் என்று எனக்கு அத்துப்படி, ஏனென்றால் பதுக்கியவள் நான். நேரங்கள் எல்லாம் எட்டு, ஒன்று, எட்டு என்று முழு எண்ணாக வரும். கேட்காமலே கீரை வரும். டீ வரவே வராது. அந்த ஞானத்தை நான் அவர்களைப் பிடிக்கத்தான் பயன்படுத்தினேன்.

மேடவாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடியில் செக்யூரிட்டி வேலை பார்த்த சர்க்கரை நோயாளி ஒருவர். ராத்திரி எட்டுக்குள் சாப்பிடச் சொன்னேன். மாற்று ஆள் பத்து மணிக்குத்தான் வருவார், கேட்டை விட்டு நகர முடியாது என்றார். “மனசு வெச்சா முடியும்” என்று சொல்லிவிட்டு, அவர் ஷீட்டில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதினேன். சில நாள் கழித்து, சாயங்காலம் மருத்துவமனை எதிரில் டீக்கடையில் அன்றைய முதல் சாப்பாடாக நான் வாழைக்காய் பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார். பஜ்ஜியைப் பார்த்தார். கேலி செய்யவில்லை. “வடை இப்பத்தாம்மா எடுத்தாங்க, சூடா இருக்கு” என்றார். மறுநாள் முதல் நான் வேறு டீக்கடைக்குப் போனேன். ஷீட்டைத் திருத்தவில்லை.

பயிற்சி முடிவதற்குள் தலைசுற்றல் வந்து ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் பத்துக்கும் கீழே. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த வரியைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது என்று வார்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு, என் மாத்திரையை டீயோடுதான் விழுங்கினேன்.

இப்போது வேறொரு இடத்தில் வேலை. என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண்களும் குறிப்பேடு கொண்டுவருகிறார்கள். முதலில் இரும்புச்சத்துக் கட்டத்தைத்தான் பார்க்கிறேன். 29 வந்திருந்தால் எனக்குப் புரிந்துவிடுகிறது. ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறேன். கேட்டால், காலை டிரே முடிந்ததும் அவர்களைச் சாப்பிட அனுப்ப வேண்டியிருக்கும். அனுப்பினால் ஒன்பது மணி ரவுண்ட்ஸுக்கு எனக்கு ஆள் இருக்காது.