சான்று காட்டும் நேர்மை

நுழையும்முன்

பிறர் கருத்தை எடுத்தாளும்போது அவர் பெயரைச் சொல்லுதல் அறிவுலகின் அறம். அவ்வறத்தைப் பேணுவதில் இன்று கணினியும் துணைநிற்கிறது. அத்துணை தடுமாறும்போது உதவி பெறும் முறையை அறிவதும் கல்வியே.

முன்னோர் சொன்னதை முன்னோர் சொன்னதாகவே கூறுவது தமிழ்ப் புலமை மரபு. தொல்காப்பியர் பல இலக்கணச் செய்திகளைத் தமக்கு முன்னிருந்த புலவர்களின் கூற்றாகவே சுட்டுகிறார். வளையாபதி, குண்டலகேசி ஆகிய காப்பியங்கள் முழுமையாகக் கிடைக்கவில்லை. எனினும், உரையாசிரியர்கள் காட்டிய மேற்கோள்களாலும் புறத்திரட்டு என்னும் தொகைநூலாலும் அவற்றின் பாடல்கள் சில நமக்கு எஞ்சின. மேற்கோள், அழிவிலிருந்து நூலைக் காக்கும் ஆற்றலுடையது.

கருவியின் வரவு

ஆய்வாளர்கள் நெடுங்காலம் சிறு அட்டைகளில் நூற்குறிப்புகளை எழுதிச் சேர்த்தனர். நூற்றுக்கணக்கான நூல்களைப் பயன்படுத்தும் ஆய்வேட்டில் ஓர் ஆண்டோ பக்க எண்ணோ பிறழ்வது எளிது. இக்குறையைக் களைய மேற்கோள் மேலாண்மை மென்பொருள்கள் தோன்றின. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக வரலாற்று மையம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஜோட்டேரோ' அவற்றுள் ஒன்று. கட்டணமின்றிக் கிடைக்கும் இம்மென்பொருள், இணையப் பக்கத்திலிருந்து ஆசிரியர், தலைப்பு, ஆண்டு முதலியவற்றைத் திரட்டிக்கொள்ளும். கட்டுரையில் உரிய இடத்தில் மேற்கோளைச் சேர்க்கும். துணைநூற்பட்டியலையும் அமைத்துத் தரும். 2022இல் வந்த ஆறாம் பதிப்பு முதல் பி.டி.எஃப் கோப்புகளை அதனுள்ளேயே திறந்து படிக்கவும் முடிகிறது.

இடறும் இடங்கள்

இத்தகைய மென்பொருளில் ஆசிரியர் பெயரை எழுதக் குடும்பப்பெயர், முதற்பெயர் என இரு கட்டங்கள் உண்டு. தமிழர் பலருக்குக் குடும்பப்பெயர் இல்லை. உ.வே.சாமிநாதையர் என்பதில் 'உ' ஊரையும் 'வே' தந்தையையும் குறிக்கும். சாமிநாதையர் என்பதை முதற்கட்டத்திலும் தலைப்பெழுத்துகளை அடுத்த கட்டத்திலும் இட்டால்தான் பட்டியல் தமிழ் முறைப்படி அமையும். நிறுவனப் பெயராயின், பிரிக்காமல் ஒரே கட்டத்தில் எழுதும் வசதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பழைய நூலின் பக்கங்களைப் படமாக எடுத்த கோப்பைக் கண் படிக்கும். மென்பொருளோ அதில் எழுத்துகளைக் காணாது. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் அமைந்த கோப்பு திரையில் தமிழாகத் தோன்றினும், நகலெடுத்தால் பொருளற்ற குறிகளாக மாறும். இவ்விடங்களில் விவரங்களை மனிதரே தட்டச்சு செய்ய வேண்டும்.

உதவி கேட்கும் முறை

ஆய்வேட்டை ஒப்படைக்கச் சில நாள்களே உள்ள நிலையில் மாணவி ஒருவர் நூலகரை நாடுவதாகக் கொள்வோம்.

"ஐயா, கோப்பு எதுவும் திறக்கவில்லை."

"எல்லாக் கோப்புகளுமா அம்மா, சில மட்டுமா? திரையில் என்ன செய்தி வருகிறது?"

"சில மட்டும்தான் ஐயா. கோப்பைக் காணவில்லை என்று வருகிறது."

"அவற்றை வேறிடத்திற்கு மாற்றினீர்களா?"

விடை அக்கேள்வியிலேயே இருக்கிறது. மென்பொருள் சில கோப்புகளின் படியைத் தன்னிடமே வைத்திருக்கும். சிலவற்றுக்கு அவை இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். இடம் மாறினால் குறிப்பு எஞ்சும், கோப்பு எட்டாது. கோப்பு இருக்கும் புதிய இடத்தைச் சுட்டிக்காட்டினால் குறை நீங்கிவிடும்.

'வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொன்னால் எவராலும் உதவ இயலாது. எந்தப் பதிப்பு, எத்தகைய கோப்பு, என்ன செய்தபோது என்ன செய்தி வந்தது என்பவற்றை உள்ளவாறே கூற வேண்டும். நூற்பெயரும் பக்க எண்ணும் தருவதும் இத்தன்மையதே. நாம் கண்ட இடத்திற்கு மற்றவரும் வந்து சேர வழிகாட்டுவதே இரண்டின் நோக்கமும் ஆகும்.

பொறுப்பு யாருடையது?

மென்பொருள் பட்டியலின் வடிவத்தைச் சீர்செய்யும். அந்நூலை எழுதுபவர் உண்மையில் படித்தாரா, கருத்தைத் திரிக்காமல் எடுத்தாண்டாரா என்பதை அது அறியாது. தவறான ஆண்டைத் திரட்டினால் அத்தவற்றையே அழகுற அச்சிட்டுத் தரும். ஆகவே, ஒவ்வொரு குறிப்பையும் மூலநூலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் கடமை எழுதுபவருக்கே உரியது.